காயம் முதுகில், திடுக்கிடுவது கழுத்துக்கு மேலே: முள்ளந்தண்டுவடப் பாதிப்பும் மூளைத்தண்டின் தெறிவினைகளும்

வன்னியில் இரவில், யானையை விரட்டப் போடும் யானைவெடி கேட்காத கிராமம் குறைவு. வயலில் கதிர் முற்றும் காலத்தில் சொல்லவே வேண்டாம். வெடி கேட்டதும் வீட்டில் எல்லோரும் ஒருமுறை திடுக்கிட்டு, மறுபக்கம் திரும்பிப் படுத்துவிடுவார்கள். முள்ளந்தண்டுவடம் (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புக் கயிறு) பாதிக்கப்பட்ட ஒருவர் இருக்கும் வீட்டில் அது அவ்வளவு லேசாக முடியாமல் போகலாம். அவருக்குக் கண்கள் இறுக மூடும், கழுத்து வெட்டி இழுக்கும், இரண்டு கைகளும் மடங்கி நெஞ்சோடு வந்து அடிக்கும். கையில் தேத்தண்ணீர் இருந்தால் அது மடியில்தான். மடியில் உணர்வே இல்லாதவருக்குச் சுடுதேத்தண்ணீர் கொட்டுவது சின்ன விசயம் இல்லை. தோல் வெந்தது தெரியாமலே விடிந்துவிடும்.

"சண்டைக்குள்ள இருந்த பயம் இன்னும் விட்டுப் போகேல்லை" என்று வீட்டில் சொல்வார்கள். 2009 மே மாதம் வரை ஷெல்லடிக்குள் கிடந்த சனத்துக்கு அந்தப் பயம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மனக்காயமும் திடுக்கிடுவதைக் கூட்டும், அது உண்மை. ஆனால் அதோடு கதை முடிவதில்லை. ஸ்பெயினில் முள்ளந்தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களிடம் சத்தத்துக்கு உடல் திடுக்கிடும் அளவை அளந்து பார்த்திருக்கிறார்கள். அங்கே யாரும் ஷெல்லடியில் கிடந்தவர்கள் இல்லை. அவர்களிடமும் திடுக்கிடுதல் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே தெரிந்தது. பனையில் இருந்து விழுந்தவருக்கும், ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிளில் அடிபட்டவருக்கும் இது வரலாம். காரணத்தில் ஒரு பகுதி மனதில் இல்லை, நரம்பில் இருக்கிறது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் பார்க்கிறேன். "பயந்தவன்" என்ற பெயரைச் சுமந்துகொண்டு எத்தனையோ பேர் சக்கர நாற்காலியில் இருக்கிறார்கள். அந்தப் பெயர் அவர்களுக்கு உரியது அல்ல.

முதலில் தெறிவினை என்றால் என்ன என்று பார்ப்போம். பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில் படித்ததுதான். சுடுசட்டியில் விரல் பட்டதும், சுடுகிறது என்று நாம் உணர முதலே கை பின்னுக்கு வந்துவிடுகிறது. செய்தி உள்ளே போகும், கட்டளை வெளியே வரும், நடுவில் யோசனை இல்லை. இப்படியான தெறிவினைகள் சில முள்ளந்தண்டுவடத்துக்குள்ளேயே முடிந்துவிடும். சில அதற்கு மேலே, மூளைத்தண்டில் முடியும்.

மூளைத்தண்டு மண்டையின் அடிப்பக்கத்தில், பெருமூளைக்கும் முள்ளந்தண்டுவடத்துக்கும் நடுவில் இருக்கிறது. மேலே நடுமூளை, நடுவில் வரோலியின் பாலம், கீழே நீள்வளைய மையவிழையம் என்று மூன்று பகுதி. அளவில் பார்த்தால் பெருவிரல் அளவுதான். ஆனால் 12 சோடி மண்டை நரம்புகளில் 10 சோடி இங்கேயிருந்துதான் கிளம்புகின்றன. கண் இமைப்பது, விழுங்குவது, இருமுவது, வாந்தி எடுப்பது, மூச்சின் தாளம், இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம், சத்தத்துக்குத் திடுக்கிடுவது எல்லாவற்றுக்கும் தெறிவினை மையம் அங்கேதான். விபத்துக்குப் பிறகு வைத்தியர் கண்ணில் டோர்ச் அடிப்பதும், தொண்டைக்குள் குச்சி விட்டுப் பார்ப்பதும் இந்த மூளைத்தண்டு சரியாக வேலை செய்கிறதா என்று அறியத்தான்.

மூளைத்தண்டுக்குக் கீழே தொடங்குவது முள்ளந்தண்டுவடம். வளர்ந்தவரில் ஏறக்குறைய 45 சென்றிமீற்றர் நீளம். கழுத்தில் 8, நெஞ்சில் 12, இடுப்பில் 5, அதற்குக் கீழே 6 என்று 31 சோடி நரம்புகள் அதிலிருந்து பிரிகின்றன. கிளினிக் கொப்பியில் சி-5, ரி-4, எல்-1 என்று எழுதியிருப்பது இந்த இலக்கங்களைத்தான்: சி கழுத்து, ரி நெஞ்சு, எல் இடுப்பு. உங்கள் வீட்டாருடைய இலக்கம் என்ன என்று கட்டாயம் தெரிந்து வைத்திருங்கள். கீழே சொல்லப்போகும் பல விசயங்கள் அந்த ஒரு இலக்கத்தில் தங்கியிருக்கின்றன.

சரி, காயம் முள்ளந்தண்டில், மூளைத்தண்டு அதற்கு மேலே. அங்கே எதுவும் படவில்லை. பிறகு ஏன் அதன் தெறிவினைகள் மாற வேண்டும்?

வாய்க்காலை நடுவில் அடைத்தால் கீழ்வயல் காய்வது மட்டும் நடப்பதில்லை, மேல்வயலில் தண்ணீர் தேங்கி வரம்பும் உடையும். நரம்பு தண்ணீர் அல்லதான். ஆனாலும் ஒரு இடத்தில் ஏற்பட்ட அடைப்பு அதற்கு மேலேயும் மாற்றத்தைக் கொண்டுவரும் என்பதை விளங்கிக்கொள்ள இது போதும்.

முள்ளந்தண்டுவடம் கட்டளையைக் கீழே கொண்டுபோகும் பாதை மட்டும் இல்லை. கால், வயிறு, தோல், மூட்டு எல்லாவற்றிலும் இருந்து இடைவிடாமல் செய்தி மேலே போய்க்கொண்டே இருக்கிறது. மூளைத்தண்டின் வலைப்பின்னல் போன்ற நரம்புப் பகுதி அந்தச் செய்திகளையும் வாங்கித்தான் தன் வேகத்தை ஒழுங்குபடுத்துகிறது. காயத்தால் அந்த வரவு திடீரென்று நின்றுவிட்டால், தூண்டலுக்கும் தடுப்புக்கும் இடையில் இருந்த சமநிலை கெடுகிறது. தடுப்பு குறைய, முன்பு அடங்கியிருந்த தெறிவினை மிகையாக வெளியே வருகிறது. இது ஒரு விளக்கம்.

இன்னொரு விளக்கம் நரம்புகளின் புதிய வளர்ச்சி. குரங்குகளில் முள்ளந்தண்டின் உணர்வுப் பாதை நீண்டகாலம் துண்டிக்கப்பட்டிருந்தபோது, மூளைத்தண்டில் கைக்குரிய இடத்துக்குள் முகத்தின் நரம்பு நார்கள் முளைத்துப் போயிருந்ததை ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். வளர்ந்த உயிரில், காயத்துக்கு எவ்வளவோ மேலே, புதிதாக நார் முளைத்திருக்கிறது. வெறுமையாகக் கிடக்கும் இடத்தை நரம்பு மண்டலம் அப்படியே விட்டுவைப்பதில்லை. அது நல்லதாகவும் முடியலாம், தொல்லையாகவும் முடியலாம்.

இப்போது திடுக்கிடுதலைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்ப்போம். சத்தம் காதுக்குள் போகிறது. காது நரம்பு அதை மூளைத்தண்டுக்குக் கொண்டுவருகிறது. வரோலியின் பாலத்தின் கீழ்ப்பகுதியில் ஒரு நரம்புக்கூட்டம் அதை வாங்கி, உடனே முகத்துக்கும் கழுத்துக்கும் கைகால்களுக்கும் கட்டளை அனுப்புகிறது. முதலில் கண் மூடும், பிறகு கழுத்துத் தசை, பிறகு கை, கடைசியில் கால். கண்ணும் கழுத்தும் ஒரு செக்கனின் பத்தில் ஒரு பங்குக்குள் முடித்துவிடும். என்ன சத்தம், எங்கேயிருந்து வந்தது, ஆபத்தா இல்லையா என்று பெருமூளை பார்க்க முதலே எல்லாம் நடந்துவிடும். அதனால்தான் "அது யானைவெடி என்று தெரியும்தானே, ஏன் இப்படித் துடிக்கிறாய்?" என்று கேட்பதில் நியாயம் இல்லை. அறிவு வந்து சேர முதலே தெறிவினை முடிந்துவிட்டது.

கண் இமைக்கும் தெறிவினையையும் ஆய்வுகூடத்தில் அளக்கலாம். புருவத்துக்கு மேலே மெல்லிய மின்தூண்டல் ஒன்று கொடுப்பார்கள். 10 மில்லிசெக்கன் அளவில் அந்தப் பக்கக் கண் தசையில் ஒரு சிறு அசைவு பதிவாகும், அது கண்ணுக்குத் தெரியாது. 30 தொடக்கம் 40 மில்லிசெக்கனில் இரண்டு கண்களும் இமைக்கும். இப்படியான அளவீடுகளில்தான், கடுமையான முள்ளந்தண்டுவடக் காயம் உள்ளவர்களில் மூளைத்தண்டின் தெறிவினைகள் மிகைப்பட்டிருப்பது தெரியவந்தது. முள்ளந்தண்டைச் சுற்றியுள்ள திரவத்துக்குள் சிறிய பம்ப் மூலம் பக்ளோபன் மருந்து தொடர்ந்து செலுத்தப்பட்டவர்களில் அந்த மிகை குறைந்திருந்தது. பக்ளோபன் தடுக்கும் நரம்புகளின் வேலையைப் பலப்படுத்தும் மருந்து. அதைக் கொடுத்தால் குறைகிறது என்பதே, தடுப்புக் குறைந்ததும் இந்த மிகைக்கு ஒரு காரணம் என்ற எண்ணத்துக்கு வலுச் சேர்க்கிறது.

காயப்பட்ட உடனேயே இதெல்லாம் தெரிய வராது. முதல் நாட்களில், சிலருக்குச் சில வாரங்கள் வரை, காயத்துக்குக் கீழே தெறிவினையே இல்லாமல் உடம்பு துணி மாதிரிக் கிடக்கும். பிறகுதான் கால் இறுகுவதும் உதறுவதும் தொடங்கும். அந்தக் கால் உதறல் முள்ளந்தண்டுவடத்தின் தெறிவினை, இங்கே பேசுவது அதற்கு மேலே நடப்பதை. இரண்டும் ஒன்றையொன்று கிளப்பிவிடும் என்பதும் உண்மை. சத்தத்துக்கு உடம்பின் மேற்பகுதி வெட்டி இழுக்க, அந்த இழுவையில் கால் தசை நீண்டு உதறத் தொடங்கிவிடும். கட்டில் ஓரத்தில் இருப்பவர் விழுவதும் இப்படித்தான்.

வீட்டில் செய்யக்கூடியது அதிகம் இல்லை, ஆனால் செய்யவேண்டும். பின்னால் இருந்து வந்து திடீரென்று நாற்காலியைத் தள்ளாதீர்கள். "அண்ணை, காலைத் தூக்கப்போறன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தூக்குங்கள். "இஞ்சாருங்கோ, கதவைச் சாத்திறன், சத்தம் வரும்" என்று முன்கூட்டியே சொன்னால் அந்த ஒரு வசனம் அவரை எவ்வளவு ஆறுதலாக வைத்திருக்கும் என்பதைக் கூட இருப்பவர்கள் அறிவார்கள். சூடான பாத்திரத்தை மடியில் வைக்கக் கூடாது, மூடியுள்ள கோப்பை நல்லது. வெடி போடும் காலத்தில் இரவில் கட்டிலின் ஓரத்தில் தலையணை அடுக்கி வையுங்கள்.

இனி வருவது உயிரோடு சம்பந்தப்பட்டது. ரி-6 அல்லது அதற்கு மேலே காயம் உள்ளவர்களும் அவர்களுடைய வீட்டாரும் இதை நிதானமாக வாசிக்க வேண்டும்.

நீள்வளைய மையவிழையத்தில் இரத்த அழுத்தத்தைக் கவனிக்கும் ஒரு தெறிவினை இருக்கிறது. கழுத்தின் பெரிய இரத்தக் குழாயிலும், இதயத்தில் இருந்து புறப்படும் பெருநாடியின் வளைவிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் உள்ளன. பிறசர் ஏறினால் அவை மூளைத்தண்டுக்கு அறிவிக்கும். மூளைத்தண்டு இரண்டு வேலை செய்யும். இதயத்தை மெதுவாக்கும், இரத்தக் குழாய்களைத் தளர்த்தும். இதயத்துக்குப் போகும் கட்டளை பத்தாவது மண்டை நரம்பு வழியே நேரே போகிறது, முள்ளந்தண்டுவடத்துக்குள் நுழைவதே இல்லை. குழாய்களுக்குப் போகும் கட்டளை மட்டும் முள்ளந்தண்டுவடத்தின் ஊடாகத்தான் போக வேண்டும். வயிற்றுப் பகுதியின் பெரிய இரத்தக் குழாய்களை ஆளும் நரம்புகள் ரி-6 அளவில் இருந்து கீழே கிளம்புவதால்தான் அந்த இலக்கம் இவ்வளவு முக்கியமாகிறது.

இப்போது ஒருவருக்கு ரி-4 இல் காயம் என்று வைப்போம். யூரின் குழாய் சாறத்துக்குள் மடிந்து கிடக்கிறது. பை வெறுமையாக இருக்கிறது, சலப்பை நிறைந்து விம்முகிறது. அவருக்கு அது தெரியாது. சலப்பையில் இருந்து செய்தி முள்ளந்தண்டுவடத்தில் ஏறி, காயம் உள்ள இடத்தில் நின்றுவிடுகிறது. ஆனால் போகிற வழியில் அங்குள்ள நரம்புகளைக் கிளப்பிவிட, காயத்துக்குக் கீழே இரத்தக் குழாய்கள் எல்லாம் இறுகுகின்றன. பிறசர் ஏறுகிறது. மூளைத்தண்டு அதை உடனே கண்டுபிடித்து இதயத்தை மெதுவாக்குகிறது, காயத்துக்கு மேலே உள்ள குழாய்களைத் தளர்த்துகிறது. முகம் சிவக்கும், வியர்க்கும், மூக்கு அடைக்கும், தலை வெடிக்கிற மாதிரி இடிக்கும். "கீழே உள்ள குழாயையும் தளர்த்து" என்ற கட்டளை மட்டும் காயத்தைத் தாண்டிப் போகவில்லை. அங்கே தோல் வெளிறி, மயிர் சிலிர்த்து நிற்கும். சலப்பை வடியும் வரை பிறசர் இறங்காது. சிலருக்கு 200ஐயும் தாண்டும். வலிப்போ மூளையில் இரத்தக் கசிவோ ஏற்படலாம்.

வைத்தியர்கள் இதை ஓட்டோனொமிக் டிஸ்றிப்ளெக்சியா என்பார்கள். இதில் மூளைத்தண்டு எந்தப் பிழையும் செய்யவில்லை. தனக்குக் கிடைத்த பாதையில் செய்யக்கூடிய அத்தனையும் செய்கிறது. மீதியை நாம்தான் செய்ய வேண்டும்.

முதல் வேலை, அவரை நிமிர்த்தி இருத்துங்கள், கால்களைத் தொங்க விடுங்கள். தலையிடி என்றதும் படுக்க வைப்பதுதான் நம் வழக்கம், இங்கே அது ஆபத்து. படுத்தால் தலைக்குள் அழுத்தம் இன்னும் கூடும். பெல்ட், இறுக்கிக் கட்டிய சாறம், காலுறை, காலில் யூரின் பையைக் கட்டிய பட்டி எல்லாவற்றையும் தளர்த்துங்கள். அப்புறம் கதீற்றரை, அதாவது யூரின் குழாயை, மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் பாருங்கள். மடிந்திருக்கிறதா, அவர் அதன்மேல் இருக்கிறாரா, பை நிரம்பி வழிகிறதா? அடைத்துவிட்டது என்றால் குழாயை மாற்ற வேண்டும். நேரத்துக்கு நேரம் குழாய் விட்டு எடுப்பவராக இருந்தால் உடனே விட்டு எடுங்கள். சலப்பை சரியென்றால் அடுத்த சந்தேகம் மலச்சிக்கல். அதற்கும் அடுத்து படுக்கைப்புண், சதைக்குள் வளர்ந்த கால் நகம், சூட்டுக்காயம். பிறசர் கருவி வீட்டில் இருந்தால் சில நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். காரணம் கிடைக்கவில்லை, அல்லது காரணத்தை நீக்கியும் இறங்கவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. 1990க்கு அடித்துச் சுவசெரிய அம்புலன்சைக் கூப்பிடுங்கள். காட்டோரக் கிராமங்களில் இருந்து மாங்குளத்துக்கோ கிளிநொச்சிக்கோ முல்லைத்தீவுக்கோ வரும் வழியில் குலுக்கம் அதிகம், வாகனத்திலும் அவர் நிமிர்ந்தபடியே வரட்டும்.

ஒரு இலக்கக் குழப்பத்தையும் சொல்ல வேண்டும். கழுத்திலோ மேல் நெஞ்சிலோ காயம் உள்ளவருக்கு வழக்கமான பிறசரே 90, 100 அளவில்தான் இருக்கும். அவருக்கு 135 என்பது பெரிய ஏற்றம். வெளிநோயாளர் பிரிவில் அதைப் பார்த்தவர் "பிறசர் நோர்மல்" என்று சொல்லிவிடக்கூடும். மேல் அளவு வழக்கத்தைவிட 20 கூடினாலே கவனிக்க வேண்டும் என்பதே கணக்கு.

இதே தெறிவினையின் மறுபக்கமும் உண்டு. படுக்கையில் இருந்து எழுப்பி இருத்தியதும் சிலருக்குக் கண் இருட்டும், காது அடைக்கும், முகம் வெளிறும். இரத்தம் காலுக்கு இறங்கிவிட்டது, மூளைத்தண்டு "குழாயை இறுக்கு" என்று சொல்கிறது, அந்தச் சொல் கீழே போகவில்லை. இங்கே செய்ய வேண்டியது நேர் எதிர். நாற்காலியைப் பின்னுக்குச் சாய்த்துக் காலை உயர்த்துங்கள். முகம் சிவந்து தலை இடித்தால் நிமிர்த்துவது, முகம் வெளிறிக் கண் இருண்டால் சாய்ப்பது. இரண்டையும் மாறிச் செய்துவிடாதீர்கள்.

இருமலைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தொண்டைக்குள் சளி பட்டதும் மூளைத்தண்டு இருமச் சொல்கிறது. மூச்சை உள்ளே இழுக்கும் பிரிமென்றகட்டுக்கு நரம்பு வருவது சி-3 தொடக்கம் சி-5 வரை. சளியை வெளியே தள்ளும் வயிற்றுத் தசைகளுக்கு வருவது நெஞ்சுப்பகுதியின் கீழ்ப்பாதியில் இருந்து. அதனால் கழுத்துக் காயம் உள்ளவர் இரும முயல்வார், இருமல் உரத்து வராது. சூடடிக்கும் காலத்துத் தூசியிலும் மாரித் தடிமனிலும் இது நியூமோனியாவில் போய் முடியும். அவர் இருமும் அதே கணத்தில், விலா எலும்புக்குக் கீழே உள்ளங்கையை வைத்து உள்ளேயும் மேலேயும் தள்ளிக் கொடுத்தால் சளி வெளியே வரும். கையை எங்கே வைப்பது, எவ்வளவு பலம் கொடுப்பது என்பதை இயன்மருத்துவர் ஒருவரிடம் நேரே பழகித்தான் செய்ய வேண்டும்.

மூளைத்தண்டின் மாற்றங்கள் எல்லாம் கெடுதலும் அல்ல. முள்ளந்தண்டுவடம் முழுதாக அறுபடாதவர்களில், பெருமூளையில் இருந்து நேரே வரும் பாதை பழுதானாலும் மூளைத்தண்டில் இருந்து இறங்கும் பாதையில் சில நார்கள் தப்பியிருக்கும். கையை முழுதாக மூடிப் பிடிப்பது போன்ற பெரிய அசைவுகள் திரும்பி வருவதில் அந்தப் பாதைக்குப் பங்கு இருக்கிறது என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. ஊசியில் நூல் கோர்க்கும் அளவு நுணுக்கத்தை அதனால் தர முடியாது. ஆனால் கோப்பையைப் பிடிக்கவும் சில்லைத் தள்ளவும் அது உதவும். பயிற்சியில் விரல் தனித்தனியாக அசையவில்லை என்று மனம் உடைகிறவர்களுக்கு இதை நான் எப்போதும் சொல்வேன். முழுக்கையின் பிடி வருவதும் நரம்பின் வேலைதான், அதைப் பழக்கிப் பலப்படுத்தலாம்.

மருந்து விசயத்தில் ஒரு எச்சரிக்கை. இறுக்கத்துக்காகப் பக்ளோபன் குடிப்பவர்கள், கிளினிக் போக வசதிப்படவில்லை என்றோ குளிசை முடிந்துவிட்டது என்றோ அதைச் சட்டென்று நிறுத்தக் கூடாது. வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம். குறைப்பதென்றால் வைத்தியர் சொல்லும் கணக்கில் படிப்படியாகத்தான். நேற்றுவரை இல்லாத அளவுக்குத் திடுக்கிடுவதும் உதறலும் திடீரென்று கூடினால், மருந்தைக் கூட்டிக் கேட்க முதல் சலத்தில் கிருமி இருக்கிறதா, புதிதாகப் புண் வந்திருக்கிறதா என்று பாருங்கள். பல வேளைகளில் காரணம் அங்கேதான் இருக்கும். திடுக்கிடுவதோடு கெட்ட கனவும் நித்திரையின்மையும் சேர்ந்திருந்தால் மனநல வைத்தியரையும் காட்டுங்கள். நரம்புக் காரணம் இருக்கிறது என்பதற்காக மனக்காயத்தைக் கவனிக்காமல் விடக்கூடாது.

காயம் ரி-6 இலோ அதற்கு மேலேயோ உள்ளவர்கள் ஒரு சிறு மட்டையில் தமிழிலும் சிங்களத்திலும் நாலு வரி எழுதி நாற்காலியின் பையில் வைத்திருப்பது நல்லது. காயத்தின் இலக்கம், வழக்கமான பிறசர், "தலையிடியும் முகச்சிவப்பும் வந்தால் என்னைப் படுக்க வைக்க வேண்டாம், முதலில் கதீற்றரைப் பாருங்கள்" என்ற வசனம், வீட்டாரின் தொலைபேசி இலக்கம். எழுத உதவி வேண்டுமென்றால் கிளினிக்கில் கேட்கலாம், மாங்குளத்தில் உள்ள உயிரிழை அமைப்பில் இதே பாதிப்போடு வாழ்கிறவர்களையும் கேட்கலாம். பிள்ளைப்பேற்றுக்குப் போகும் பெண்கள் இந்த மட்டையைக் கட்டாயம் கொண்டுபோங்கள். பிரசவ நோவே இந்தப் பிறசர் ஏற்றத்தைக் கிளப்பிவிடக்கூடியது. திகதி கிட்ட முதலே மகப்பேற்று வைத்தியரிடம் சொல்லி, கொப்பியில் எழுதுவித்துக்கொள்ளுங்கள்.